ட்ரிகரை லேசாக்கினா பன்றி விழுமா?

கடலைச் செடி பூத்து விழுது இறங்கற நேரம் வந்தா எங்க பக்கம் ரெண்டு பேச்சு தானா கிளம்பிடும். ஒண்ணு பன்றி, இன்னொண்ணு துப்பாக்கி. இந்த வருஷம் மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு: ட்ரிகர்.

எங்க ஊர் பொன்னேரிக்கு மேற்கே. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அதுல ஒரு குடும்பத்துல தாத்தா காலத்து .315 ரைபிள் இருக்கு. இப்போ அது பேரன் பேர்ல. பேரன் நல்ல பையன், படிச்சவன், நிலத்தை விட்டு ஓடாதவன். அவன் செல்போன்ல வெளிநாட்டு வேட்டைக்காரங்க வீடியோ பார்க்கிறான். "எடை குறைஞ்ச போல்ட் ரைபிளுக்கு முதல்ல செய்ய வேண்டிய வேலை ட்ரிகரை மாத்தறதுதான்"னு அதுல சொல்றாங்களாம். இவனுக்கும் ஆசை வந்துடுச்சு. திருவொற்றியூர்ல ஏதாவது பட்டறையில குடுத்து ட்ரிகரைத் தேய்ச்சு லேசாக்கணும்னு அலையறான். அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் கிளம்பியிருக்காங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேணாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லலை. நம்ம நிலத்துக்கும், நம்ம துப்பாக்கிக்கும், நாம படற கஷ்டத்துக்கும் அது மருந்தே இல்லை. ஏன்னு விளக்கமாச் சொல்றேன்.

பையன் சொல்றதுல இருக்கிற நியாயம்

அவன் சொல்றது முழுசும் உளறல் இல்லை. ட்ரிகர் கனமா இருந்தா குறி தப்பும், அது உண்மைதான். நம்ம ரைபிள் ட்ரிகரைச் சுடற அளவுக்கு இழுக்க அஞ்சாறு பவுண்டு விசை வேணும், கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ. துப்பாக்கியோட எடையே மூணு கிலோ சில்லறைன்னு வச்சுக்கங்க. ஏறக்குறைய துப்பாக்கி எடைக்குச் சமமான பலத்தை ஒரே விரல்ல போடறீங்க. விரல் இழுக்கிற இழுப்புல துப்பாக்கி மூக்கு வலது பக்கமோ கீழேயோ நகரும். கனமான துப்பாக்கின்னா தன் எடையாலயே அசையாம நிக்கும். லேசான துப்பாக்கி அசைஞ்சு குடுத்துடும். அதனாலதான் எடை குறைஞ்ச ரைபிள் வாங்கினவங்க எல்லாரும் ட்ரிகரைப் பத்தியே பேசறாங்க.

வெளிநாட்டுல இதுக்குத் தனி வியாபாரமே இருக்கு. டிம்னி மாதிரி கம்பெனிங்க ட்ரிகர் மட்டுமே செஞ்சு விக்கறாங்க. பின்லாந்து டிக்கா ரைபிள்ல ஒரு கிலோவுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் நாமே திருகி வச்சுக்கலாம். அமெரிக்காவுல சாவேஜ் கம்பெனி ட்ரிகருக்கு நடுவுல ஒரு மெல்லிய நாக்கு வச்சு, அதை அழுத்தாம ட்ரிகர் நகராதபடி செஞ்சு, அப்புறம்தான் எடையைக் குறைச்சாங்க. லேசாக்கினாங்க, கூடவே ஒரு பூட்டும் போட்டாங்க. நம்ம பசங்க வீடியோவுல லேசானதை மட்டும் பார்க்கிறாங்க, பூட்டைப் பார்க்கிறதில்லை.

நம்ம கையில இருக்கிறது எந்தத் துப்பாக்கி?

.315 ரைபிள் மேற்கு வங்காளத்துல கல்கத்தா பக்கம் இருக்கிற இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை செஞ்சது. ராணுவத் தோட்டாவான .303 சாதாரண ஜனங்க வச்சுக்கக் கூடாத ரகம். அதனால ஜனங்களுக்குன்னு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் விட்டத்துல வேற தோட்டா. ஆனா உள்ளே இருக்கிற எந்திரம் பழைய லீ-என்பீல்டு வகைதான். இங்கிலாந்துல 1895-ல படையில சேர்ந்த ரைபிள் அது, ரெண்டு உலகப்போர் பார்த்தது. மரக்கட்டையைக் குறைச்சு, வேட்டைக்காரன் தூக்கிட்டு நடக்கிற மாதிரி மெலிய வச்சதுதான் நம்ம .315.

என்பீல்டுன்னு சொன்னதும் திருவொற்றியூர்க்காரங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு. லண்டனுக்கு வடக்கே என்பீல்டுங்கற ஊர்ல அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ரெட்டிச் ஊர்ல சைக்கிள் செஞ்சிட்டிருந்த ஒரு கம்பெனிக்கு 1890கள்ல அந்தத் தொழிற்சாலைக்குத் துல்லியமான துப்பாக்கிப் பாகம் செஞ்சு தர்ற வேலை கிடைச்சுது. அந்தப் பெருமையில பேரையே ராயல் என்பீல்டுன்னு வச்சுக்கிட்டாங்க. துப்பாக்கி மாதிரி செஞ்சதுன்னு விளம்பர வாசகம், சின்னத்துல ஒரு பீரங்கி, வண்டிக்குப் பேர் புல்லட். 1955-ல இந்தியக் கம்பெனி ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. அந்தப் பக்கம் லேத்தும் கிரைண்டிங்கும் தெரிஞ்ச கைகள் தலைமுறை தலைமுறையா பெருகினதுக்கு இந்த மாதிரி தொழிற்சாலைகள் பெரிய காரணம். எண்ணூர்ல அசோக் லேலண்ட், துறைமுகத்துல கப்பல் ரிப்பேர், காசிமேட்டுல விசைப்படகு எஞ்சின். எந்த இரும்பைக் கொண்டு போனாலும் நூல் பிசகாம செஞ்சு தருவாங்கங்கற பேர் அந்தப் பகுதிக்கு உண்டு. எங்க ஊர்ல பம்ப்செட் புஷ் தேய்ஞ்சாக்கூட ரயிலேறி அங்கதான் போவோம்.

அதனாலதான் இந்தப் பையனும் அங்க போகலாம்னு நினைக்கிறான். பம்ப்செட்டைச் சரி பண்ற கை ட்ரிகரைச் சரி பண்ணாதான்னு அவனுக்கு எண்ணம்.

தேய்ச்சா என்ன ஆகும்?

எங்க மாமா ஒருத்தர் திருவொற்றியூர்ல முப்பது வருஷமா லேத் பட்டறை வச்சிருக்கார். அவர்கிட்டயே கேட்டேன். அவர் சொன்னது:

"மாப்ள, அந்தப் பாகமெல்லாம் மேல்தோல் மட்டும்தான் கெட்டி. உள்ளே மெத்து இரும்பு. தோலைச் சூடு காட்டி இறுக வச்சிருப்பான். அது தாள் கனம்தான். அதை நான் கல்லு வச்சு உரசிட்டேன்னா, முதல் நாள் வெண்ணெய் மாதிரி இழுக்கும். உள்ளே இருக்கிற மெத்து இரும்பு தேய ஆரம்பிச்சா எப்போ நழுவும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பம்பு நின்னா தண்ணி வராது. இது நழுவினா எவனாவது விழுவான். நான் தொட மாட்டேன்."

இதை இன்னும் கொஞ்சம் விளக்கணும். போல்ட்டை முன்னால தள்ளி மூடும்போது, அதோட வால்ல இருக்கிற துண்டு ஒரு இரும்புப் பல்லுல மாட்டி நிக்கும். அந்தப் பல்லுக்கு சியர்னு பேர். உள்ளே ஸ்பிரிங் நல்லா இறுகி, எப்போ விடுவாங்கன்னு காத்திருக்கும். ட்ரிகரை இழுக்கிறது அந்தப் பல்லை வழுக்கி விடறதுதான். வாசக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி நினைச்சுக்கங்க. தாழ்ப்பாள் ஓட்டைக்குள்ள அரை அங்குலம் போயிருந்தா காத்துக்கும் அசையாது, திறக்கக் கொஞ்சம் சிரமம். நுனி மட்டும் தொட்டுட்டு இருந்தா விரல் பட்டாலே திறக்கும், கதவை ஓங்கிச் சாத்தினாலும் திறந்துக்கும்.

என்பீல்டு ட்ரிகர்ல இதுக்கு ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருக்கு. ட்ரிகர் ரெண்டு கட்டமா இழுபடும். முதல் இழுப்பு நீளமா, லேசா இருக்கும். அப்போ பல்லு பெரும்பகுதி வழுக்கி விளிம்புக்கு வந்து நிக்கும். விரலுக்கு ஒரு சுவர்ல முட்டின மாதிரி தெரியும். அதுக்கப்புறம் கொஞ்சம் அழுத்தினா சுடும். அதாவது தோள்ல சாத்தாம சும்மா தூக்கிட்டு நடக்கும்போது தாழ்ப்பாள் ஆழமா மாட்டியிருக்கும். சுடணும்னு முடிவு பண்ணின பிறகுதான் விளிம்புக்கு வரும். குளிர்லயும் சேத்துலயும் கை மரத்துப் போன சிப்பாய்க்குன்னு யோசிச்சுச் செஞ்சது. நம்ம பசங்க அந்த முதல் இழுப்பைத்தான் "வேஸ்ட், லொட லொடன்னு இருக்கு"ன்னு சொல்லி எடுக்கப் பார்க்கிறாங்க. அது வேஸ்ட் இல்லை, அதுதான் உங்க பக்கத்துல நடக்கிறவனோட உயிர்.

வீடியோவுல வர்ற துப்பாக்கியில ட்ரிகர் ஒரு தனிப் பெட்டி மாதிரி. ரெண்டு பின்னைத் தட்டி எடுத்துட்டு வேற பெட்டி மாட்டலாம். நம்ம வகையில அப்படி இல்லை. ட்ரிகர், சியர், போல்ட் வால் எல்லாம் தனித்தனி. ஒண்ணோட ஒண்ணு பொருத்தினது. ஒண்ணைத் தேய்ச்சா மத்த எல்லாக் கணக்கும் மாறும்.

பெரிய கம்பெனிக்காரங்களே இதுல அடிபட்டிருக்காங்க. அமெரிக்காவுல ரெமிங்டன் 700ங்கற போல்ட் ரைபிள் உலகப் புகழ். அதோட பழைய ட்ரிகர் விரல் படாமலே சுடுதுன்னு பல வருஷம் வழக்கு நடந்துச்சு, சாவு நடந்த குடும்பங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006-ல புது ட்ரிகர் கொண்டு வந்தாங்க. அதையும் 2014-ல திரும்பப் பெற வேண்டியதாச்சு. காரணம் என்ன தெரியுமா? பாகத்தைப் பொருத்தும்போது ஒட்டுப் பசை கொஞ்சம் அதிகமாப் போட்டிருந்தாங்க. பசை அதிகமானதுக்கே அந்தக் கதி. நாம உப்புத்தாளும் அரமும் எடுத்துட்டுக் கிளம்பறோம்.

சட்டம் என்ன சொல்லுது?

இதைப் பலபேர் தெரிஞ்சுக்கறதே இல்லை. 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவு, துப்பாக்கி செய்யறது, விக்கறது மட்டும் இல்லாம, ரிப்பேர் பண்றது, மாத்தி அமைக்கிறது எல்லாத்துக்கும் தனி லைசென்ஸ் வேணும்னு சொல்லுது. உங்ககிட்ட இருக்கிறது வச்சுக்கற லைசென்ஸ். லேத்காரர்கிட்ட எந்த லைசென்ஸும் இல்லை. 2019-ல சட்டத்தைத் திருத்தி, 5-வது பிரிவை மீறினா குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள்னு ஆக்கிட்டாங்க. நானூறு ரூபாய் கூலிக்கு ஒரு பட்டறைக்காரனைக் கொண்டு போய் அதுல மாட்டி விடறது நியாயமா? நமக்கு பம்ப்செட் ஓட்டற கைங்க அது.

சரி, லேசாக்கியாச்சு. எங்க சுடப் போறோம்?

வாதத்துக்கு வச்சுக்குவோம். சட்டப்படி லைசென்ஸ் உள்ள ஆள்கிட்டயே குடுத்து, நல்லபடியா லேசாக்கியாச்சு. அடுத்த கேள்வி இதுதான்.

வீடியோவுல சுடறவன் மலைச்சரிவுல படுத்துக்கிட்டு முந்நூறு மீட்டர் தூரத்துல நிக்கிற மானைச் சுடறான். பகல் வெளிச்சம். பின்னால மலையே சுவரா நிக்குது. அங்க கால் கிலோ விசை குறைஞ்சா குறி ஒரு சாண் சரியாகும். நம்ம கடலைக் கொல்லையில பன்றி வர்றது ராத்திரி ஒரு மணிக்கு. தூரம் முப்பது நாப்பது மீட்டர். டார்ச் வெளிச்சம், பனி, தூக்கக் கலக்கம், படபடப்பு. முப்பது மீட்டர்ல பன்றி தப்பிச்சா அது ட்ரிகர் எடையால தப்பிக்கலை. அந்த நேரத்துல நடுங்கற விரலுக்கு லேசான ட்ரிகர் உதவாது. நினைக்கிறதுக்கு முன்னாடியே வெடிக்கும், அவ்வளவுதான்.

பந்தயத்துல சுடறவங்களையே பாருங்க. ஒலிம்பிக்ல 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம்னு விதி. தோட்டா போட்ட துப்பாக்கியை வச்சுக்கிட்டு யாரும் வரப்புல நடக்காத, கோடு போட்ட அரங்கத்துலயே அதுக்குக் கீழே போகாதேன்னு விதி வச்சிருக்காங்க. நாம நடக்கிறது சேத்து வரப்பு. வழுக்கி விழாத ஆள் யாரு?

இன்னொண்ணு, எங்க மண்ணோட அமைப்பு. பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் வரைக்கும் எல்லாம் உள்ளங்கை மாதிரி சமநிலம். மேடுன்னு சொன்னா ஏரிக்கரைதான். ரைபிள் தோட்டா பன்றிமேல படலைன்னா நிக்காது. கிலோமீட்டர் கணக்குல போகும். அந்தப் பக்கம் செங்கல் சூளையில ராத்திரி வேலை பார்க்கிறவங்க இருக்காங்க, கும்மிடிப்பூண்டி ரயில் தடம் இருக்கு, இறால் குட்டைக்குக் காவல் படுத்திருக்கிறவன் இருக்கான், நெடுஞ்சாலையில லாரி வரிசையா நிக்குது. தோட்டத்துல சத்தம் கேட்டுப் பன்றின்னு நினைச்சு ஆளைச் சுட்ட சேதி மலை மாவட்டங்கள்ல இருந்தும் கேரளாவுல இருந்தும் திரும்பத் திரும்ப வருது. அங்கயாவது பின்னால மலை இருக்கு. இங்க ஒரு தோட்டா தவறினா அது பக்கத்து ஊர் வீட்டுச் சுவர்ல போய்த்தான் நிக்கும்.

இதுக்கெல்லாம் மேல, பன்றியைச் சுட நமக்கு உரிமையே இல்லை. பயிர்க் காவலுக்குன்னு லைசென்ஸ் குடுக்கறாங்க. ஆனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. பயிரை அழிக்கிற பன்றியைச் சுட, அதே சட்டத்தோட 11-வது பிரிவுல அதிகாரி எழுத்துல அனுமதி தரணும். 2025 ஜனவரியில தமிழ்நாட்டு அரசு ஒரு முடிவு சொன்னாங்க. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்றியைச் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணு கிலோமீட்டருக்கு மேல வந்தா சுடலாம், ஆனா சுடறது வனத்துறை ஆட்கள். விவசாயி கையில இருக்கிற துப்பாக்கிக்கு அதுல இடம் இல்லை.

கேரளாவுல வேற மாதிரி. 2022-ல பஞ்சாயத்துத் தலைவருக்கே அந்த அதிகாரத்தைக் குடுத்தாங்க. லைசென்ஸ் உள்ள ஆட்களைப் பட்டியல் எடுத்து, அவங்க மூலமா சுடறாங்க. விஷம் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, கரண்ட் வைக்கக் கூடாதுன்னு நிபந்தனை. குறை இல்லாத ஏற்பாடுன்னு நான் சொல்லலை. ஆனா யார் சுடணும், எப்போ சுடணும், சுட்டதை என்ன பண்ணணும்னு ஊருக்குள்ளயே பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கார்.

ஆக, இந்தப் பையன் லேசாக்கப் போற ட்ரிகரை அவன் சட்டப்படி இழுக்கப் போறது வானத்தைப் பார்த்து ஒரு வெத்து வெடி போடத்தான். வானத்துக்குக் குறி எதுக்கு?

கோபத்தை எங்க காட்டறது

பசங்க கோபம் எனக்குப் புரியுது. ஏக்கருக்கு விதைக்கடலை, உரம், களைக்கூலின்னு கொட்டிட்டு, ஒரு ராத்திரியில உழுது போட்ட மாதிரி கிடக்கிற கொல்லையைக் காலையில பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். எங்க கையில மிச்சம் இருக்கிற ஒரே அதிகாரம் அந்தத் துப்பாக்கின்னு அவன் நினைக்கிறான். பன்றியை மாத்த முடியாது, வனத்துறையை மாத்த முடியாது, விலையை மாத்த முடியாது. ட்ரிகரை மாத்தலாம். அதனால அதுல போய் நிக்கிறான். வழி இல்லாதவன் கையில கிடைக்கிற கருவியைத்தான் கூராக்கிட்டே இருப்பான்.

இதே கோபம்தான் வேற ஊர்கள்ல கரண்ட் கம்பியா மாறுது, அவுட்டுக்காயா மாறுது. 2023 மார்ச்சுல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல திருட்டு மின்வேலியில மாட்டி மூணு பெண் யானைங்க செத்துப் போச்சு, குட்டிங்க தாயைச் சுத்திச் சுத்தி வந்ததை எல்லாரும் பார்த்தோம். இந்த மாதிரி வேலியில மனுஷங்களும் செத்துட்டேதான் இருக்காங்க, சில சமயம் வேலி போட்டவனே. கம்பியும் காயும் போட ஆரம்பிச்சவன் யாரும் கொலைகாரன் இல்லை. பயிரைக் காப்பாத்தணும்னு கிளம்பினவன்தான்.

அப்போ துப்பாக்கியை என்ன பண்றது?

ட்ரிகர் நிஜமாவே கெட்டிருந்தா கவனிக்கணும். அதுக்கு வழி இருக்கு.

முதல்ல, கனமா இருக்கா, கரடா இருக்கான்னு பிரிச்சுப் பாருங்க. கனம்னா சீரா, ஒரே மாதிரி பலம் கேட்கும். கரடுன்னா மண்ணு அரைபடற மாதிரி விக்கி விக்கி வரும். நம்ம பக்கத்துத் துப்பாக்கிங்க பெரும்பாலும் கரடுதான். காரணம் சாதாரணம். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்றாங்க. மாசக்கணக்குல உறையோட சாத்தி வச்சிருந்துட்டு வருது. கடல் காத்துல உப்பும் ஈரமும். பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகிப் போயிருக்கும். அதைக் கழுவி, மெல்லிய எண்ணெய் தொட்டு வச்சாலே பாதி கரடு போயிடும்.

ரெண்டாவது, மரக்கட்டை. பழைய என்பீல்டு வகையில ட்ரிகர் அடியில இருக்கிற இரும்புக் காவல் வளையத்தோட சேர்ந்துதான் தொங்கும். மரம் மழைக்காலத்துல ஊதினாலோ கோடையில சுருங்கினாலோ, திருகாணி தளர்ந்தாலோ, ட்ரிகர் சியரைத் தொடற இடமே மாறிடும். பிரிட்டிஷ்காரங்களே இந்தத் தொல்லையைப் பார்த்துட்டு, 1940கள் கடைசியில வந்த என்பீல்டு வகையில ட்ரிகரை மரத்தோட சம்பந்தம் இல்லாம மேல இரும்பு உடம்புல மாட்டினாங்க. அதனால ஐப்பசியில ஒரு மாதிரியும் சித்திரையில ஒரு மாதிரியும் இழுபட்டா ட்ரிகரைக் குத்தம் சொல்லாதீங்க. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரர்கிட்ட காட்டி, கட்டையையும் திருகாணியையும் பார்க்கச் சொல்லுங்க.

மூணாவது, எடை போட்டுப் பாருங்க. காசிமேட்டுல மீன் தூக்கிப் பிடிச்சு நிறுக்கற கொக்கித் தராசு மாதிரி ஒண்ணு போதும். தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, ட்ரிகர்ல கொக்கியை மாட்டி இழுத்துப் பாருங்க. ரெண்டரை கிலோ பக்கம் காட்டினா செஞ்சவன் வச்சபடிதான் இருக்குன்னு அர்த்தம். ஒரு கிலோவுக்குக் கீழே காட்டினா, இல்லை ஒவ்வொரு தடவையும் வேற வேற கணக்குக் காட்டினா, அதுக்கு முன்னாடி யாரோ கை வச்சிருக்கான். அந்தத் துப்பாக்கியில தோட்டா போடாதீங்க. பெட்டியில வச்சுப் பூட்டி, ரிப்பேர்க்காரர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. தாத்தா காலத்துத் துப்பாக்கி வச்சிருக்கிற எல்லாரும் இதைக் கட்டாயம் பார்க்கணும். தாத்தா என்ன பண்ணி வச்சார்னு நமக்குத் தெரியாது.

நாலாவது, விரலைப் பழக்குங்க. 2016 ஆயுத விதிகள் புதுசா லைசென்ஸ் கேட்கிறவங்க பயிற்சிச் சான்று தரணும்னு சொல்லுது. தாத்தா வழியா வந்தவங்களும் அந்தப் பயிற்சிக்குப் போய் உட்காரலாம், யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. முதல் இழுப்பை எடுத்துட்டுச் சுவர்ல நிறுத்தி, மூச்சை விட்டு, அசையாம அழுத்தப் பழகினவனுக்கு ரெண்டரை கிலோ ட்ரிகர் கனமே இல்லை. பட்டறைக்குக் குடுக்கற காசுல நாலு வாரம் போய் வரலாம்.

ஊரா சேர்ந்து கேட்க வேண்டியதும் இருக்கு. லைசென்ஸ் வச்சிருக்கிற விவசாயிக்கு மாவட்டத்துக்கு ஒரு இடத்துலயாவது சுட்டுப் பழக அனுமதியும், வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கிச் சோதனையும் வேணும். பன்றி விஷயத்துல வனத்துறை ஆள் வர்ற வரைக்கும் கடலை காத்திருக்காது. சோதனையில தேறின ஆட்களைப் பட்டியல் போட்டு, எழுத்துல அனுமதி குடுத்து, பகல்லயோ உயரப் பரண்ல இருந்து கீழ்நோக்கியோ மட்டும் சுடலாம்னு வரையறை வச்சுக் குடுங்க. பரண்ல இருந்து கீழே சுட்டா தவறின தோட்டா மண்ணுல இறங்கும். எங்க மாதிரி சமநிலத்துக்கு அது ஒண்ணுதான் மலை. அதுவும் முடியாதுன்னா அழிஞ்ச பயிருக்கு அந்தப் பருவத்துக்குள்ளயே ஈட்டுத்தொகை குடுங்க. அடுத்த விதைப்புக்கு அப்புறம் வர்ற பணம் விதைக்கு ஆகாது.

கிராமசபையில இதைத் தீர்மானமா எழுதிக் குடுக்கலாம்னு நாங்க நாலஞ்சு பேர் பேசியிருக்கோம். அந்தப் பையனையும் கூப்பிட்டிருக்கேன். அவனுக்கு நல்லா எழுத வரும், சட்டப் பிரிவு எண்ணெல்லாம் எடுத்துக் குடுக்கிறதும் அவன்தான். மனுவை அவன் எழுதட்டும். ரைபிள் இப்போதைக்குக் கழுவி எண்ணெய் போட்டு, தாத்தா விட்டுட்டுப் போன ட்ரிகரோடயே பெட்டியில இருக்கட்டும்.